மீன்முள் தடம்

என் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. உன் அம்மா நலம், ஆடுகள் நலம், கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவர்கூட நலம். நான்தான் நலமில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது, வயிற்றெரிச்சல். உன் கடிதத்தின் நாலாவது வரியைப் படித்ததிலிருந்து ஆரம்பித்தது. "டயர் விஷயமாக மாமாவைக் கேட்டேன், உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறாய். 'உங்களை' என்று எழுதியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். 'உங்களையும்' என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வருடமாக இந்த ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டுகிறவன், உன்னைப் பெற்றவன், கடைசியில் ஒரு 'யும்' ஆகிப்போனேன். அதுவும் அந்த மனுஷன் எடுத்துக் கொடுத்துத்தான் என் ஞாபகம் உனக்கு வந்திருக்கிறது.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். வேலூர்க் கடைக்காரன் பேச்சைக் கேட்டு, போன ஆடியில் உன் ஜீப்புக்கு நாலு டயரும் மெத்து ரப்பரில் போட்டாய். ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற ரகம் என்றானாம். கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் போகிற வளைவுகளில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது, பிரேக்கை அழுத்தினால் அழுத்திய இடத்தில் நிற்கிறது என்று அப்போது பெருமையாக எழுதினாய். இப்போது தை பிறக்கவில்லை, அதற்குள் பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது என்கிறாய். திரும்ப அதையே போடுவதா, கெட்டி ரப்பரில் வேறு வாங்குவதா, இல்லை தேய்ந்த டயர் மேலேயே புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் அடித்து ஓட்டுவதா என்பது உன் கேள்வி. பதில் சொல்கிறேன். ஆனால் அதே கேள்வி ஒரு காலத்தில் என் முன்னால் வந்து நின்றது, நான் அதற்குத் தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் உனக்கு டயர் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இன்னும் மூன்று வாரத்தில் நீ அவர் மகள் வள்ளியைக் கட்டப் போகிறாய். கட்டிய பிறகு சொன்னால் அது ஒளித்து வைத்துச் சொன்னதாகிவிடும்.

நீ வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிற பொன்னுசாமியை உனக்குத் தெரியும், ஆனால் நீ பிறப்பதற்கு முந்திய பொன்னுசாமியை உனக்குத் தெரியாது. நானும் அவரும் ஒரே கூப்பு லாரியில் காட்டுமரம் ஏற்றிக்கொண்டே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்கள். முறைக்கு மச்சான். ஒரே வருடத்தில் இரண்டு பேரும் ஏலத்தில் பழைய ஜீப் எடுத்தோம். மலைக்கு அப்போது பஸ் என்று பேருக்கு ஒன்று, மழை பெய்தால் அதுவும் வராது. சாமையும் புளியும் கடுக்காயும் செங்கத்துக்கு இறங்க வேண்டும், உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் மேலே ஏற வேண்டும். இரண்டு ஜீப்புக்கும் போதுமான வேலை இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. என் வண்டி காலியாக நின்றாலும் ஜனங்கள் "பொன்னுசாமி வந்துடுவாருங்க" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் குந்திக்கொள்வார்கள். அவரை விட நான் வேகமாக ஓட்டுவேன், அவரை விட நன்றாகப் பேசுவேன், பார்க்கவும் அவரை விட நான் தேவலை, உன் அம்மாவைக் கேட்டுப் பார். அந்த ஆள் வண்டியை எடுத்தால் ஊர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரிடம் என்னத்தைக் கண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

தார் போடுவதற்கு முன்னால் மலையில் ஒரு பழக்கம் இருந்தது, நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். மண் ரோட்டில் டயர் தடத்தைப் பார்த்தே எந்த வண்டி போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பொன்னுசாமி போட்டிருந்தது கெட்டி ரப்பர் டயர், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்த பட்டன். மண்ணில் அது மீன்முள் போல விழும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வண்டி ஏறியதா இறங்கியதா என்பதும் தெரிந்துவிடும். ஏறிய தடம் மட்டும் இருந்தால் வண்டி மேலே இருக்கிறது, மதியத்துக்குள் அதே வழியாகத் திரும்பி வரும். அவர் வேறு வழியில் இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது. கொல்லையில் களை எடுக்கிற பெண்கள்கூட "மீன்முள்ளு ஏறிட்ச்சி" என்று சொல்லிக்கொண்டு மூட்டையைக் கட்ட ஆரம்பிப்பார்கள். என் வண்டித் தடத்துக்கு இந்த மலையில் ஒரு பெயர்கூட இல்லை.

நான் மெத்து டயர் போட்டது அந்த எரிச்சலில்தான். திருவண்ணாமலையில் ஒரு கடையில் மெட்ராஸ் சரக்கு என்று காட்டினார்கள், காரை வேகமாக விரட்டுகிறவர்கள் போடுவதாம். விரலால் அழுத்தினால் ரப்பர் உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. மூட்டை ஏற்றுகிற ஜீப்புக்கு இது எதற்கு என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. பொன்னுசாமியிடம் இது இல்லை, எனக்கு அது போதுமாக இருந்தது. வாங்கிப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மலை ஏறினேன். அந்த ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு கிடையாது, உன் பிறப்பைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஏழாவது வளைவில் பாறை மேல் தண்ணீர் வழிகிற இடத்தில் அவர் ஆட்களை இறக்கிவிட்டு முதல் கியரில் தடவித் தடவி ஏறுவார். நான் ஒருவரையும் இறக்காமல் ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று ஹாரன் அடிப்பேன். அங்கே ஹாரன் அடிக்க எந்த அவசியமும் இல்லை, அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அடித்தேன்.

ஒருநாள் செங்கத்துச் சந்தையில் அவர் என் வண்டிப் பக்கம் வந்து குந்தி, பின்சக்கரத்து ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. "நல்லா புடிக்கும் மச்சான். புடிக்கிற ரப்பரு தேயத்தான் தேயும், அது ரப்பர் மேல தப்பு இல்ல. மழை நின்னதும் இத்த கழட்டி நெழல்ல வெச்சுட்டு கெட்டி டயரு போட்டுக்கோ. அடுத்த மழைக்கு இத்த எடுத்துக்கலாம்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். எனக்கு உள்ளே இருந்ததுதான் அவருக்கு உள்ளேயும் இருக்கும் என்று எனக்கு நினைப்பு. வயிறு எரிகிறதா மச்சான் என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மழை நின்றது, நான் கழற்றவில்லை. தை, மாசி வெயிலில் ரோட்டு ஜல்லி அந்த ரப்பரைத் தேங்காய் துருவுவது போலத் துருவியது. பங்குனியில் பட்டன் போயிற்று, சித்திரையில் உள்நூல் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் என் தடத்துக்கு ஜனங்கள் ஒரு பெயர் வைத்தார்கள். "மொட்டை ஏறிட்ச்சி" என்று சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு முறை என் காதுபடவே சொன்னார்கள்.

அவர் போடுகிற டயர் செங்கத்திலேயே கிடைத்தது. வாங்கி மாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் சொன்ன டயரை அவர் வாங்குகிற கடையில் போய் வாங்குவதா என்று எனக்கு வீம்பு. ரீபட்டன் அடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான பாய், டயரை உள்ளும் புறமும் தடவிப் பார்த்துவிட்டு, நூல் தெரிகிற அளவுக்கு ஓட்டிவிட்டீர்களே, இந்த உடம்பில் புது ரப்பர் நிற்காதே என்றார். அது என் காதில் ஏறவில்லை, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மீன்முள் இருந்தது. அதை அடியுங்கள் என்றேன். தேய்ந்தது ரப்பர், அதற்கு நான் தேடிப் போனது பட்டனின் அழகு. அந்தத் தடத்தைப் பார்த்ததும் ஜனங்கள் மூட்டையைக் கட்டுகிறார்கள் இல்லையா, இனி எனக்கும் கட்டட்டும் என்பதுதான் என் கணக்கு. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

அப்போது வைகாசி. உனக்கு ஆறு வயது. மாரியம்மன் பண்டிகைக்கு உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள், உள்காட்டில் இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊர். அவள் போன பிறகுதான் நான் புது பட்டனை மாட்டினேன், அவளுக்கு அது தெரியாது. பண்டிகை முடிந்த மறுநாள் விடிந்தபோது உனக்கு உடம்பு கொதித்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் அழுதாய். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தாள். முந்தின சாயங்காலம் கோடை மழை பெய்திருந்தது. ஈர மண்ணில் மீன்முள் தடம் ஒன்று, ஏறியிருக்கிறது, இறங்கவில்லை. பொன்னுசாமியண்ணன் மேலே போயிருக்கிறார், மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தடம் என்னுடையது. அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமைகளில் நான் மேலே ஏறி அப்படியே ஆலங்காயம் பக்கம் இறங்கிவிடுவேன், அன்றைக்குத் திரும்ப மாட்டேன் என்பது உன் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். என் தடம் என்று தெரிந்திருந்தால் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருக்க மாட்டாள். ஒன்பது மணி வாக்கில் கூப்பு லாரி ஒன்று வந்து அவளைப் பார்த்து நின்றிருக்கிறது. செங்கத்துக்குத்தான் போறோம், ஏறிக்கம்மா என்று கூப்பிட்டார்களாம். மரத்தின் மேல் உட்கார்ந்து போனால் பிள்ளைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், ஜீப் வரும் என்று அவள் அனுப்பிவிட்டாள். மதியம் ஆனது, ஜீப் வரவில்லை. உனக்கு ஒரு தடவை கை கால் இழுத்தது. அந்த நேரத்தில் நான் ஆலங்காயம் இறக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாய் சொன்னபடியே பின்சக்கரத்துப் பட்டன் முழுசாக உரிந்து கழன்றுவிட்டது. இருந்த ஸ்டெப்னியும் பஞ்சர்.

பொன்னுசாமி அன்று காலையில் ஏறவே இல்லை. முந்தின நாள் வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்து, செங்கத்தில் மாற்றிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஏறி வந்தார். உங்களைப் பார்த்ததும் வண்டியில் இருந்த அத்தனை பேரையும் அங்கேயே இறக்கிவிட்டு, வந்த வழியே திருப்பி, ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். உன் இடது காது அந்தக் காய்ச்சலோடு போயிற்று.

மறுநாள் மதியம்தான் நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு, மாமா எங்கே என்று கேட்டாய். பிள்ளை பிழைத்தானே என்று அழ வேண்டிய நேரத்தில் எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. இப்படியும் ஒரு தகப்பன். பொன்னுசாமி என்னை வெளியே கூப்பிட்டார். என் ஜீப் பக்கத்தில் நின்று, உரியாமல் மிச்சமிருந்த மூன்று டயரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தான் ஏறாத ரோட்டில் தன் தடத்தை அவர் முந்தின நாளே பார்த்திருக்கிறார்.

"மச்சான், இந்த டயர இன்னிக்கே கழட்டிடு" என்றார். "தங்கச்சி கேட்டுச்சு. அது என் தடந்தாம்மா, விடிகாலையில ஏறி வேற வழியா எறங்கி செங்கம் போய்ட்டேன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு இந்தப் பதினெட்டு வருடத்தில் என்னிடமோ வேறு யாரிடமோ அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போய் உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டயரைக் கழற்றிப் போட்டேன், செங்கத்துக் கடையில் கெட்டி டயர் வாங்கினேன், மீன்முள் இல்லாத பட்டனாகப் பார்த்து வாங்கினேன். அவர் வழி மாறி இறங்கியதால்தான் பிள்ளைக்குக் காது போயிற்று என்று மலை முழுக்கப் பேச்சானது. அவர் தடத்தை நம்பி மரத்தடியில் குந்தியிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து என் வண்டிக்கு வந்தார்கள். நான் ஆசைப்பட்டது கடைசியில் கிடைத்தது. வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லாமல் ஏற்றிக்கொண்டேன். அவர் அந்தப் பழியையும் சுமந்துகொண்டு, ஒருவர் இருவர் என்று ஏறியவர்களை வைத்துக்கொண்டு அதே வழியில் ஏறி அதே வழியில் இறங்கினார். அப்படி வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பதினெட்டு வயதில் நீ, வண்டி ஓட்ட மாமாவிடமே கற்றுக்கொள்கிறேன் என்றாய். வீட்டில் ஒரு டிரைவர் இருக்கும்போது பக்கத்து ஊருக்குப் போகிறானே என்று எனக்கு உள்ளே எரிந்தது. உன் காது போனதே அந்த ஆளால்தான், அவன்கிட்டப் போய்க் கத்துக்கப் போறியா என்று கத்தினேன். நான், எல்லாம் தெரிந்த நான், அப்படிச் சொன்னேன். நீ சண்டை போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரு வேணும்னா செஞ்சாரு? நான் அத்த எப்பவோ வுட்டுட்டேன் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வார்த்தை ஆறு வருடமாக என்னைத் தூங்கவிடாமல் இருக்கிறது என்று எழுதினால் அலங்காரமாகத் தெரியும். தூங்கத்தான் செய்கிறேன். ஆனால் நீ ஜீப் ஓட்டும்போது பக்கத்தில் யாராவது பேசினால், அந்தக் காதில் விழாமல், முகத்தை முழுக்கப் பேசுகிறவர் பக்கம் திருப்புகிறாய். வளைவில் ஒவ்வொரு தடவை உன் கண் ரோட்டை விட்டு நகரும்போதும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொன்னுசாமிக்கு என்னிடம் டயர் யோசனை கேட்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை, பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லட்டும் என்றுதான் உன்னை என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. உன் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். என்னை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நீ என்று பேசாதவள், கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"லாரிக்காரன் கூப்ட்டப்பவே ஏறியிருந்தா புள்ளைக்குக் காது போயிருக்காதேன்னு பதினெட்டு வருசமா நான் என்னையே திட்டிக்கினு கீறேன். நீ பக்கத்துலயே குந்திக்கினு அத்த பாத்துக்கினு இருந்தியா?"

எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமாக, அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் பொன்னுசாமியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவளைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவனுக்கு நீயே எழுது என்பதை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் மூலமாகச் சொல்லி அனுப்பினாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது டயர். பழையதைக் கழற்றி எறிவதற்கு முன்னால் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்திருக்கிறாய், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக இல்லை, அதைச் சரிசெய்யாமல் எந்த டயர் போட்டாலும் அதையும் தின்றுவிடும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் குற்றம் உன்னிடம் இல்லை, ரப்பரின் குணமே அதுதான். நீ மாதத்தில் எத்தனை நாள் மழை ரோட்டில் வளைவு ஏறுகிறாய், எத்தனை நாள் சமவெளியில் காய்கிற ரோட்டில் ஓடுகிறாய் என்று உனக்கு நீயே கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்து நீ பாதிக்கு மேல் சமவெளியில்தான் ஓடுகிறாய். கெட்டி ரப்பர் வாங்கு. நாலும் ஒரே ரகமாக வாங்கு. முன்னால் கெட்டி, பின்னால் மெத்து என்று கலந்தால் ஈரத்தில் வண்டியின் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் போகப் பார்க்கும். கடையில் பட்டனின் கோலத்தைப் பார்த்து மயங்காதே, நகத்தை அழுத்திப் பார், ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா பார், வெயிலில் கிடந்த பழைய சரக்கைப் பளபளப்பாகத் துடைத்துக் காட்டுவார்கள். ரீபட்டன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, நூல் தெரியாத நல்ல உடம்பாக இருந்தால் ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள். புது டயரில் முதல் நாலைந்து நாள் மெதுவாக ஓட்டு. கெட்டி ரப்பர் மெத்து ரப்பரைப் போல நிற்காது, உன் கால் பழைய டயருக்குப் பழகியிருக்கிறது, இனி பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே தொட வேண்டும்.

இதையெல்லாம் நான் பல டிரைவர்களுக்குச் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன், நீயும் கேட்டிருப்பாய். முக்கால்வாசி அவர் சொன்னது. அவர் உனக்கு இதையே வேறு வார்த்தையில், குறைந்த வார்த்தையில், சொல்லியிருப்பார். ஒன்று மட்டும் என் சொந்தச் சரக்கு, அது அவருக்குத் தெரியாது. அவர் அமிர்திக் காட்டு ரோட்டில் வண்டி ஓட்டியதில்லை, ஜீப் எடுப்பதற்கு முன்னால் நான் வேறொரு கூப்பு லாரியில் அங்கே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஓடையைக் கடக்கிற இடத்தில் மணலுக்கு அடியில் கூர்க்கல் இருக்கும், அது பட்டனை விட்டுவிட்டு டயரின் பக்கவாட்டைத்தான் கிழிக்கும். அதனால் பக்கம் கனமான டயராகக் கேட்டு வாங்கு. மாமா சொன்னாரா என்று பார். சொல்லியிருக்க மாட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ மலைக்கு வரும்போது நாலு நாள் அவர் வீட்டில் இரு, இரண்டு நாள் இங்கே இரு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. வள்ளியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அவர் பெயர் கெட்டது என்னால்தான் என்று பந்தலில் எல்லோர் முன்னாலும் நான் சொல்கிறேன், அவர் தடுத்தாலும் சொல்வேன், அதை நான் முடிவு செய்துவிட்டேன். நீ அவரை என்னைவிடப் பெரிதாக நினைப்பதை எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்பேன், அது எனக்குப் பழகிப்போனது. ஒன்றே ஒன்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் செய்யாத தப்புக்கு நீ அவரை எப்போதோ மன்னித்துவிட்டாய். அது எனக்கு வர வேண்டியது. அவரிடமிருந்து வாங்கி எனக்குக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ கொடுத்தால், வெட்கமில்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

உன் நைனா